தோட்டத் தொழிலுக்கு ஒரு பாடசாலை

ராஜா அண்ணாமலைபுரத்தின் தெற்கே கடலை நோக்கிச் செல்லும் அடையாற்றின் கரையோடு சில மைல் மேற்கே போனால் வரும் சைதாப்பேட்டையில்தான், பயிர்த்தொழிலையும் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் நமது மாகாணத்தில் முதலில் காலூன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, கும்பினியாரின் வைத்திய அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சாயத்துக்கு உதவும் ஒருவகைப் பூச்சியை வளர்க்கும் நோக்கத்தோடு அங்கே நாகதாளித் தோட்டம் ஒன்றை அமைத்திருந்தார். பின்னர், கவர்னர் வில்லியம் டெனிசன் காலத்தில் அரசாங்கத்தின் பரிசோதனைப் பண்ணை ஒன்று 1865இல் அவ்வூரில் ஏற்பட்டது. கோயம்புத்தூரில் இன்று விளங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் பூர்வீகத்தைக் கூறும்போது, 1868இல் சைதாப்பேட்டையில் நிறுவப்பெற்ற விவசாயப் பாடசாலையையே தன் தோற்றுவாயாகக் கொள்கிறது. அப்பாடசாலை 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நிலமும் நீரும் மிகுதியாயுள்ள இடத்துக்கு விவசாயக் கல்வி சென்றது நியாயமே. ஆயினும், பள்ளி போன பின்பும் தோட்டங்கள் சென்னையிலேயே இருந்தன. அவற்றைப் பேணுவோரும் இங்கேயே இருந்தனர். அவர்களுக்குக் கற்பிக்கும் ஸ்தாபனம் மட்டும் அருகில் இல்லாமற் போயிற்று. இந்த இடைவெளியின் விளைவுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டக்கலை வேறு, விவசாயம் வேறு என்னும் உணர்ச்சி இந்நகரத்துக்குப் புதிதன்று. கல்கத்தாவில் 1820இல் வில்லியம் கேரி தொடங்கிய விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தை அடுத்து, 1835இல் சென்னையிலும் அத்தகைய சங்கம் ஒன்று ஏற்பட்டு, கதீட்ரல் சாலையில் தோட்டம் அமைத்து, அயல்நாட்டு விதைகளையும் நாற்றுகளையும் பரப்புவதிலும் மலர்க் கண்காட்சிகள் நடத்துவதிலும் நெடுங்காலம் ஈடுபட்டிருந்தது. அதே காலத்தில் சென்னை அரசாங்க சேவையிலிருந்த தாவர சாஸ்திரி ராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய சித்திர நூல்களை வெளியிட்டார். அவற்றுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இருவரின் பெயர்களும் அச்சுத் தாள்களிலேயே பொறிக்கப்பட்டமையால் இன்றளவும் நிலைத்திருக்கின்றன. ஆனால், அக்காலத்துத் தோட்டங்களில் விதை ஊன்றி, நிழற்பந்தல் இட்டு, கோடையில் பூவாளியோடு நடந்து, அயல்நாட்டுச் செடியை இந்தக் கடற்கரை மணலில் பிழைக்க வைத்தவர்கள் யாரென்று நாம் அறியோம். ஓவியனின் கைத்திறன் வித்தையாக மதிக்கப்பட்டது; தோட்டக்காரனின் கைத்திறனோ கூலி வேலையாக மட்டுமே எண்ணப்பட்டது. அவ்வெண்ணம் இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை என்பதை, தோட்டக்கலைப் பயிற்சி நம் ராஜ்யத்தில் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது என்பதைக் கூர்ந்து நோக்குவோர் உணர்வர்.

அமைப்பில் பெரிய குறை இருப்பதாக மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்குத் தோன்றாது. தோட்டக்கலைக்கும் மலைத்தோட்டப் பயிர்களுக்கும் 1979 முதல் அரசாங்கத்தில் தனித்துறை உண்டு. கோயம்புத்தூரிலும் பெரியகுளத்திலும் தோட்டக்கலைக் கல்லூரிகள் உண்டு. ராஜா அண்ணாமலைபுரமாகிய இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்திலும் தோட்டக்கலையில் பட்டப் படிப்பு நடைபெறுகிறது. பிளஸ் டூ தேறியவர் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு படிக்கலாம். நகரத்தின் வடகோடியில் மாதவரத்திலுள்ள தோட்டக்கலைத் துறையின் நிலையம் அதற்கு வகை செய்கிறது. பட்டயம் பெற்றவருக்கு உதவித் தோட்டக்கலை அலுவலர் உத்தியோகம், பட்டம் பெற்றவருக்குத் தோட்டக்கலை அலுவலர் உத்தியோகம், அதற்கும் மேற்பட்ட படிப்புக்கு உதவி இயக்குநர் பதவி என்று படிப்படியாக ஏணி அமைந்திருக்கிறது. இந்த ஏணியைக் குறை கூறுவது என் கருத்தன்று. திட்டங்களைத் தீட்டவும், மானியங்களை முறையாக வழங்கவும், நோய்க்கு மருந்து கூறவும் கற்றறிந்த அலுவலர்கள் வேண்டும். நான் கவனிக்கச் சொல்வது, இந்த ஏணியின் கீழ்ப்படி எங்கே தொடங்குகிறது என்பதை. அது மண்ணில் கை வைத்து உழைப்பவனிடத்தில் தொடங்கவில்லை; அவனை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தரிடத்தில் தொடங்குகிறது.

பள்ளிக் கல்வியிலும் இதே போக்கைக் காணலாம். அடையாறு காந்தி நகரில் 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா, மேல்நிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1978இல் ஓர் அறிக்கை அளித்தார். செய்து கற்பதே கல்வி என்னும் கொள்கையைத் தலைப்பிலேயே தாங்கியது அவ்வறிக்கை. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தது; தொழிற்பிரிவுகளும் வந்தன; அவற்றுள் விவசாயமும் இடம் பெற்றது. ஆதிசேஷையா கருதியது, பதினெட்டு வயதில் ஓர் இளைஞன் ஒரு தொழிலைக் கையில் பிடித்துக்கொண்டு உலகத்துள் நுழைய வேண்டும் என்பது. நடந்ததோ வேறு. விவசாயத் தொழிற்பிரிவில் படித்த மாணவர்களுக்கென வேளாண்மைப் பட்டப் படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டாயிற்று. நல்ல மாணவன் அந்த வழியே பட்டத்துக்குச் சென்றான். ஏனையோருக்கு அப்பிரிவு, வேறு இடம் கிடைக்காமையால் வந்து தங்கும் இடமாயிற்று. மாணவர்களைக் குறை கூற இதில் ஒன்றும் இல்லை. கையால் செய்யும் தொழிலுக்கு மதிப்பும் ஊதியமும் தராத சமூகத்தில், அத்தொழிலைக் கற்ற பிள்ளை அதை விட்டு விலகிச் செல்வதே புத்திசாலித்தனம் ஆகிவிடுகிறது.

அடித்தட்டில் உழைப்போருக்காக அண்மைக் காலத்தில் வந்தவை குறுகிய காலப் பயிற்சிகள். 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தின் கீழ், தோட்டக்காரர் என்பது சான்றிதழுக்குரிய ஒரு தொழிலாக அங்கீகரிக்கப்பட்டது. இது பாராட்டத்தக்கது, நூற்றாண்டுகளாகப் பெயரற்றிருந்த ஒருவனுக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு பெயர் கிடைத்தது. ஆனால், 2016 முதல் நடந்த இரண்டாம் கட்டத்தில் இத்தகைய குறும்பயிற்சிகளுக்கு விதிக்கப்பட்ட காலம் 150 முதல் 300 மணி நேரம் வரை. நாளொன்றுக்கு எட்டு மணி என்று கணக்கிட்டால் மிகுந்தபட்சமே நாற்பது நாட்களுக்குள் அடங்கிவிடும். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான தேசியப் பாடத்திட்டத்தில் தோட்டக்கலைக்கென ஓராண்டுப் பயிற்சியும் இருக்கிறதென்றாலும், விளம்பரமும் நிதியும் கவனமும் பெற்றவை நாற்பது நாள் வகுப்புகளே. நாற்பது நாளில் தோட்டக்காரன் உருவாவானா என்பதே கேள்வி.

இதற்கு விடை காண மயிலாப்பூர் மாட வீதிகளில் உழக்குக் கணக்கிலும் முழக் கணக்கிலும் விற்கும் மல்லிகைப் பூவையே எடுத்துக்கொள்ளலாம். குண்டுமல்லி, பிச்சி, முல்லை ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தவை. பழக்கமில்லாத கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. கவாத்தில் அவை ஒன்றல்ல. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு, மேலுள்ளதை வெட்டிவிட வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி. முல்லைக்கோ ஜனவரி கடைசி. வெட்டிய பிறகு உள்ளே காய்ந்த குச்சிகளையும் ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் நீக்கி, வெயில் தூர்வரை இறங்குமாறு செய்து, தூரைச் சுற்றிக் கொத்தி, தொழுவுரம் இட்டு, தண்ணீர் கட்ட வேண்டும். குண்டுமல்லியில் செய்தது சரியா தவறா என்பது மார்ச் மாதத்துக்கு முன் தெரியாது. செடி தழைக்கும், தழைத்தும் பூக்காமல் நிற்கும், அல்லது பூக்கும்போது மொட்டைப் புழு துளைக்கும், அப்போதுதான், சென்ற நவம்பரில் எந்தக் கிளையைத் தவறாக விட்டுவைத்தோம் என்று கற்பவனுக்குப் புலப்படும். நவம்பரில் வகுப்புக்கு வந்து டிசம்பரில் சான்றிதழ் பெற்றுச் சென்றவன் அந்தத் தவற்றைப் பார்க்கவே மாட்டான். ஜூன் மாதத்தில் வகுப்புக்கு வந்தவனோ கவாத்தையே கண்டிருக்க மாட்டான். கரும்பலகையில் எழுதிய தேதியை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருப்பான்.

சென்னையின் பருவங்களும் இதே பாடத்தைத்தான் புகட்டுகின்றன. ஆண்டு முழுவதற்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரம், அதில் பாதிக்கு மேற்பட்டதை ஐப்பசியை நடுவாகக் கொண்ட மூன்று மாதங்களில் பெற்றுவிடுகிறது. எஞ்சிய காலத்தில் உப்புக் காற்றும், வெயிலும், கடற்கரையை அண்டிய பகுதிகளில் உவர்ப்பேறிய கிணற்று நீரும்தான். கத்திரி வெயிலில் எந்தச் செடிக்குத் தண்ணீர் மாலையில் விட வேண்டும், மழைக் காலத்தில் எந்தத் தொட்டியின் அடித்துளை அடைபடும், பனிக்காலத்தில் செம்பருத்தியின் நுனித் தளிரில் மாவுப்பூச்சி எப்போது வெள்ளையாகப் படியத் தொடங்கும் என்பனவற்றை ஓராண்டேனும் ஒரே தோட்டத்தில் நின்று பார்த்தவனே அறிவான். இந்தப் பேட்டையின் குறுக்குத் தெருக்களில் காலையில் வீடு வீடாகச் சென்று வேலை செய்யும் முதிய தோட்டக்காரர்களிடம் இந்த அறிவு குறைவற இருக்கிறது. மண் தொட்டியை விரல் முட்டியால் மெல்லத் தட்டி, கணீரென்று ஒலித்தால் மண் காய்ந்தது, மந்தமாக ஒலித்தால் ஈரம் உண்டு என்று முடிவு செய்து, அடுத்தடுத்த இரண்டு தொட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் நீர் விட்டுச் செல்வர். ஏன் மற்றதற்கு விடவில்லை என்று கேட்டால், அதற்கு இன்றைக்கு வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்வர். அவ்விடையில் அடங்கிய நுண்ணறிவைப் பிறருக்கு எடுத்துரைக்கும் கடமையை அவர்கள்மேல் யாரும் சுமத்தவில்லை. அதற்குரிய மேடையையும் யாரும் அமைத்துத் தரவில்லை.

அத்தகைய அறிவு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு 12 டிசம்பர் 2016 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயல் சாட்சி. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. புயலின் வேகம் பெரிது என்பது மெய்; ஆனால் அடிமரம் வரை சிமெண்டு பூசி வேரை நெருக்கியதும், கம்பிக்கும் கட்டிடத்துக்கும் இடைஞ்சல் என்று ஒரு பக்கத்துக் கிளைகளையே ஆண்டுதோறும் வெட்டி மரத்தின் பாரத்தை மறுபக்கம் சாய்த்ததும் மெய்தான். பெரிய கிளையைக் கழிப்பதற்கு முறை ஒன்று உண்டு: முதலில் அடிமரத்திலிருந்து சிறிது தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் பாதியளவு அறுக்க வேண்டும், பின் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும், கடைசியில், கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதிக்குக் காயம் படாமல், எஞ்சிய முளையை நீக்க வேண்டும். அந்தத் தடிப்பிலிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடும். ஒரே வெட்டில் கிளையை வீழ்த்தினால் பட்டை உரிந்து அடிமரம் வரை கிழியும். அக்கிழிசலில் மழைநீர் தங்கும். நான்கைந்து ஆண்டில் உள்ளே உளுத்துப்போன மரம், வெளிக்குப் பசுமையாகவே நின்று, ஒரு புயலிரவில் விழும். மூன்று வெட்டுக்கும் ஒரு வெட்டுக்கும் உள்ள வேற்றுமை பத்து நிமிஷ வேலை. அதைக் கற்பிக்க ஆசானும் மரமும் வேண்டும், அவ்வளவே.

முறையான பயிற்சிக்கு இந்த வட்டாரத்தில் இடமில்லை என்று யாரும் கூற முடியாது. ராஜா அண்ணாமலைபுரத்தின் கடலோர எல்லையில், குப்பையும் கட்டிட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாற்று உப்பங்கழியின் ஒரு பகுதி, 58 ஏக்கர் பரப்பில் புதுப்பிக்கப்பெற்று, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வன ஆலோசகர்கள் வகுத்த அத்திட்டம், புல்வெளியும் வண்ணப்பூ வரிசையும் கொண்ட நகரப் பூங்காக்களின் வழியில் செல்லாமல், சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைக் காட்டு மரங்களையும் கழிமுகத்துக்குரிய சதுப்புத் தாவரங்களையும் மீண்டும் கொண்டுவர முயன்றது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சமான புன்னை இம்மண்ணுக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு உரியவை அம்மரங்கள். ஆயினும் சாதாரண நர்சரிகளில் அவற்றின் கன்றுகள் கிடைப்பது அரிது. எஞ்சிய காடுகளிலும் கோயிற்காடுகளிலும் விதை பொறுக்கி, எந்த விதையை ஊற வைப்பது, எதை அப்படியே உடனே விதைப்பது என்று அறிந்து, உவர் மண்ணுக்குப் பழக்கி நடுவது புத்தகத்தில் முடிந்துவிடும் காரியமன்று. பூங்கா இன்று மாணவர்களுக்கு இயற்கையைக் காட்டும் நல்ல கல்விக்கூடமாக இயங்குகிறது. அதை வளர்த்தெடுத்த கைகளின் அறிவு அடுத்த தலைமுறைத் தொழிலாளிக்குப் பாடமாக அமையவும் அங்கேயே ஏற்பாடு வேண்டும் என்பது என் கோரிக்கை.

அரசாங்கம் கதீட்ரல் சாலையில் 2010இல் செம்மொழிப் பூங்காவையும், அதனருகே 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவையும் அமைத்தது. பசுமைவழிச் சாலையில் அமைச்சர்களின் இல்லத் தோட்டங்கள் உள்ளன. அடையாற்றின் மறுகரையில் பிரம்மஞான சபையின் விரிந்த தோப்பு உள்ளது. சில மைல் வட்டத்துக்குள் இத்தனை வகைத் தோட்டங்கள் அமைந்த பகுதி இந்நகரத்தில் வேறில்லை என்றே சொல்லலாம். குறைவது ஆசிரியர்தான். ஆசிரியராவதற்குப் பட்டம் வேண்டும் என்று விதி கூறும். தோட்டத்தில் நாற்பது ஆண்டு உழைத்தவரிடம் பட்டம் இராது. பட்டம் உடையவரோ கவாத்துக் கத்தியை நாள்தோறும் கையாண்டிருக்க மாட்டார்.

இந்தச் சிக்கலுக்கு விடை இதே பேட்டையில், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பிராடி மாளிகை என்னும் பழைய கட்டிடத்தில் இயங்கும் இசைக் கல்லூரி, 1949இல் சென்னை அரசாங்கத்தாரால் மத்தியக் கர்நாடக இசைக் கல்லூரி என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வராகப் பணியாற்றினார். அப்பதவிக்கு அவரை உரியவராக்கியது மேடையிலும் குருகுலத்திலும் பெற்ற வித்வத்தே. குருவின் வீட்டில் பல்லாண்டு இருந்து காதால் கேட்டும் கையால் தாளமிட்டும் பெற்ற ஞானத்தை, வகுப்பும் பாடத்திட்டமும் தேர்வும் உடைய கல்லூரிக்குள் கொண்டுவர அரசாங்கம் வழி கண்டது, வித்வானே ஆசிரியரானார், அதனால் சங்கீதம் தாழ்ந்துவிடவில்லை, சங்கீத வித்வானின் சமூக மதிப்பு உயர்ந்தது. காதும் கையும் கொண்டு பெறும் ஞானம் கல்லூரிக்குத் தகுதியுடையது என்று சங்கீதத்தின் பொருட்டு ஒருமுறை ஒப்புக்கொண்ட அரசாங்கம், தோட்டத்தின் பொருட்டு அதை மறுப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வேறுபாடு ஒன்றுதான்: வித்வானுக்குப் புகழ் முன்பே இருந்தது, தோட்டக்காரருக்கு அதைப் பயிற்சியின் வாயிலாகவே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

வெளியிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டம், தோட்டத்தில் உழைத்துக்கொண்டே படிக்கும் முறையால் உலகெங்கும் தோட்ட நிபுணர்களை அனுப்பியது. நமது உதகமண்டலத் தோட்டத்தை 1848 முதல் உருவாக்கிய மக்ஐவரும், பெங்களூர் லால்பாக்கை 1908 முதல் நிர்வகித்த கிரும்பிகலும் அங்கே பயின்றவர்களே. அந்த வழியைப் பின்பற்றிக் கர்நாடகத் தோட்டக்கலைத் துறை, விவசாயக் குடும்பத்து இளைஞர்களுக்குப் பத்து மாதப் பயிற்சியை உதவித் தொகையுடன் நடத்துகிறது. பத்து மாதம் என்பது ஏறக்குறைய ஒரு பருவச் சுழற்சி. இங்கே நான் வலியுறுத்தும் கால அளவுக்கு அதுவே மிக நெருங்கியது. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2007இல் நகரப் பசுமைக்கென ஒரு மையம் தொடங்கி, தோட்டத் தொழிலாளிக்குப் படிப்படியான தகுதிச் சான்றுகளை ஏற்படுத்தியது. நம் நாட்டிலிருந்து சென்ற தமிழர் பலர் அங்கே மரம் கழிக்கும் தொழிலில் இருக்கின்றனர். உயரமான மரத்தில் கயிறு கட்டி ஏறிக் கிளை கழிக்கும் முறையைக் கற்றுத் திரும்பும் ஒருவருக்கு, அந்தத் தேர்ச்சிக்குரிய பதவியோ சம்பளமோ சென்னையில் இல்லை.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். களை எடுப்பதும், நாற்று விடுவதும், பூப் பறிப்பதும், தொட்டிகளுக்கு மண் கலப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன. ஒட்டுக்கட்டுதலும் கவாத்தும் மருந்தடித்தலும் தேர்ச்சிக்குரிய வேலைகளென்று கருதப்பட்டு ஆண்களுக்கு விடப்படுகின்றன. ஊதியமும் அதற்கேற்பப் பிரிகிறது. மாங்கன்றில் ஒட்டுக்கட்டுவதற்கு வேண்டுவது பலமன்று. வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து, ஆப்புப்போல் சீவிய தாய்மரத் தளிர்க்குச்சியைப் பட்டையோடு பட்டை பொருந்தச் செருகி, இடைவெளியின்றிச் சுற்றிக்கட்டும் விரல் நிதானமே வேண்டும். பூத்தொடுக்கும் விரல்களுக்கு அந்த நிதானம் இல்லையென்று யார் கூறுவர்? திருச்சியில் மகளிருக்கெனத் தோட்டக்கலைக் கல்லூரி இருப்பது பட்டப் படிப்புக்கு. நாற்றங்காலில் தினக்கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்குத் தேவைப்படுவது, மூன்று மாதத்தில் ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்டு அதற்குரிய கூலியைக் கேட்டுப் பெறும் உரிமை.

ஆகவே, இவ்வட்டாரத்தில் அமையத்தக்க பாடசாலை எத்தகையது என்று கேட்டால், கட்டிடம் பெரிதாக வேண்டுவதில்லை என்பேன். தொல்காப்பியப் பூங்காவிலோ கதீட்ரல் சாலைப் பூங்காக்களிலோ ஒரு கொட்டகையும், ஒரு நாற்றங்காலும், ஓராண்டு முழுவதும் உதவித் தொகை பெறும் இருபது மாணவர்களும் போதும். புரட்டாசியில் மண் தயாரிப்போடு வகுப்புத் தொடங்கி, ஐப்பசி மழையில் நடவு கண்டு, மல்லிகை மூன்றின் கவாத்தையும் முறையே முடித்து, கோடையில் நீர் மேலாண்மையும் மூடாக்கும் பயின்று, ஆடிக் காற்றுக்கு முன் மரக்கிளை கழித்து, அடுத்த புரட்டாசிக்குத் தாங்கள் நட்டதன் நிலையைத் தாங்களே ஆராய்ந்து முடிக்க வேண்டும். மாதவரத்து ஆசிரியர்கள் மண், பூச்சி, உரம் பற்றிய சாஸ்திரத்தைக் கற்பிக்கலாம். கைவேலைக்கு இப்பேட்டையின் மூத்த தோட்டக்காரர்களையே சம்பளம் கொடுத்து உபாத்தியாயர்களாக அமர்த்த வேண்டும். எழுதத் தெரியாதவராயினும் அவர் மதிப்பெண் வழங்கத் தகுதியுடையவர் என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும், வெளியே வரும் மாணவனுக்கு வேலை எங்கே என்னும் கேள்வி நிற்கும். மாநகராட்சியின் பூங்காக்கள் பலவும் பராமரிப்புக்காக ஒப்பந்தக்காரர்களிடம் விடப்படுகின்றன. குறைந்த தொகை கேட்பவருக்கே ஒப்பந்தம் கிடைப்பதால், தேர்ச்சி பெற்றவனை வைத்துக்கொள்ள ஒப்பந்தக்காரருக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. பூங்கா ஒவ்வொன்றுக்கும் ஓராண்டுப் பயிற்சி முடித்த தோட்டக்காரர் ஒருவர் இருத்தல் வேண்டும், அவருக்குச் சாதாரணக் கூலியைவிட உயர்ந்த ஊதியம் ஒப்பந்தத் தொகையிலேயே தனியாகக் குறிக்கப்படுதல் வேண்டும், பெரிய மரங்களில் கிளை கழிக்கும் வேலை அவர் மேற்பார்வையின்றி நடைபெறலாகாது என்னும் மூன்று நிபந்தனைகளை ஒப்பந்தப் பத்திரத்தில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மாநகராட்சி மன்றத்தின் தீர்மானம் ஒன்றே போதும். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களும் தம் தோட்டக்காரரைப் பயிற்சிக்கு அனுப்பும் ஆண்டில் அவர் சம்பளத்தை நிறுத்தாமல் தருவதென்று முன்வந்தால், ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்தே முதல் வகுப்புக்கு மாணவர்கள் கிடைப்பார்கள்.